படகின் வரவு விபரம்

பரந்தன்
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். அத்தானின் முதுகு நோ குறைந்துவிட்டதா? பாரம் தூக்க விடாதீர்கள்.

வேலை பிடித்திருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சின்னக் கந்தோர். மூன்று கணினி, ஒரு மின்விசிறி. நடத்துகிறவர் அருந்ததி அக்கா. ஸ்கந்தபுரத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பத்து வருடம் கொழும்பில் மென்பொருள் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவா.

ஒரு புதினம். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை உங்கள் கரை மீனவர் சங்கத்தினுடையது! சங்கத்து ஆட்கள் ஒரு நம்பருக்குத் தங்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். மறுபக்கத்தில் ஏஜென்ட் என்ற ஒன்று, மனிதன் இல்லை, செயற்கை நுண்ணறிவு, அதை வாசிக்கும். தன் கையில் இருக்கும் கருவிகளில் எதை எடுப்பது என்று தானே முடிவெடுத்துப் பதில் சொல்லும். கருவி என்றால் சுத்தியல், குறடு இல்லை. காலநிலை அறிக்கையை எடுத்து வருவது ஒரு கருவி. கடலுக்குப் போன படகுகளின் பட்டியலைப் பார்ப்பது ஒன்று. எல்லோருக்கும் செய்தி அனுப்புவது இன்னொன்று. இது இன்னதைச் செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம் எழுதிவைக்க வேண்டும். சங்கத்தாரும் வாசித்துப் பார்க்கக்கூடியதாகத் தமிழிலேயே எழுது என்றா அருந்ததி அக்கா.

அந்த வேலை என்னுடையது. மொத்தம் பதினான்கு கருவி. காலைத் தேநீருக்கு முதலே எழுதி முடித்துவிட்டேன். "இவ்வளவு கெதியாவோ?" என்று கேட்டா. "போத்தலுக்கு லேபல் ஒட்டுறதுதானே அக்கா" என்றேன்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தம்பி டிலக்ஸன்


முல்லைத்தீவு
16 மார்ச் 2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதமாகிறது. பிந்தியதற்குக் குறை நினைக்காதே. அத்தானுக்கு முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கடைச் சாப்பாடு என்றால் மரக்கறியாவது கேட்டு வாங்கு.

போனிலேயே எழுதலாம்தானே என்று போன முறை வந்தபோது கேட்டாய். எழுதலாம். ஆனால் துண்டு துண்டாக வரும் செய்தியில், அடுத்த துண்டு வருமட்டும் நீ என்ன நினைக்கிறாய் என்று யோசித்தே எனக்குக் களைத்துவிடும். நீ விடுதியில் படித்த காலத்தைப் போலக் கடிதமே இருக்கட்டும்.

உங்கள் நம்பர் இங்கே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. சங்க நம்பர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்தில் செல் விழுந்து என் காது போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. பதினாறு வருடமாக நான் ஆட்களின் வாயைப் பார்த்துத்தான் கதை விளங்குகிறேன். கரையில் நிற்கிறவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள். அவர்களின் வாயை நான் எப்படிப் பார்ப்பது? அத்தான் கடலுக்குப் போன நாட்களில் அந்தோனிமுத்து அண்ணையின் மனைவி இராசாத்தி அக்காவின் முகம் வாடுகிறதா, மலர்கிறதா என்று பார்த்துத்தான் படகு வந்ததை அறிவேன். இப்போது நானே எழுதிக் கேட்கிறேன். எனக்கு எழுத்திலேயே பதில் வருகிறது. ஒருவரையும் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

அருந்ததி அக்காவுக்கு என் நன்றியைச் சொல். உனக்கும்தான்.

அன்புடன்
அக்கா கலிஸ்ரா


பரந்தன்
11 யூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அவசரமாக எழுதுகிறேன். நேற்று உங்கள் சங்கச் செயலாளர் கந்தோருக்குப் போன் எடுத்து ஏசினார். அந்தோனிமுத்து அண்ணையின் படகு எஞ்சின் நின்று கடலில் இழுபட்டதாம். பட்டியலில் படகு வந்துவிட்டது என்று இருந்தபடியால் பின்னேரம்வரை ஒருவரும் தேடிப் போகவில்லையாம். அவரும் கூடப் போனவரும் உயிரோடு வந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

இயந்திரத்தில் ஏதோ குழப்பம். நாங்கள் பார்க்கிறோம். அதுவரை நம்பரை நிறுத்தி வைத்திருக்கிறோம். இராசாத்தி அக்காவுக்கு ஆறுதல் சொல்லுங்கள்.

டிலக்ஸன்


முல்லைத்தீவு
19 யூன் 2025

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

நீ பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. கச்சான் காற்று, அது கரையிலிருந்து கடல் பக்கமாகத் தள்ளும், தெரியும்தானே. படகு பிந்தியது, பிறகு வந்தது. அந்தோனிமுத்து அண்ணை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தானுக்கு வெயில் பட்டுக் கொஞ்சம் தோல் உரிகிறது, வேறொன்றுமில்லை. முற்றத்து முருங்கை இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது.

நம்பரை எப்போது திரும்பத் தருவீர்கள்?

அக்கா


முல்லைத்தீவு
27 யூலை 2025

அன்புத் தம்பி,

ஐந்து கிழமையாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. காய்ச்சலா? வேலை கூடவா? அல்லது என்னோடு கோபமா?

சங்கத்தில் கதை வேறு மாதிரிப் போகிறது. நம்பரை ஒரேயடியாக விட்டுவிட வேண்டும் என்று தலைவர் சொல்லித் திரிகிறார். செப்ரெம்பரில் கூட்டம் வைத்து முடிவெடுப்பார்களாம். "இயந்திரத்தில் ஏதோ குழப்பம்" என்று நீ எழுதியதை நான் நாலைந்து தரம் வாசித்தேன். என்ன குழப்பம்? நீ ஒரு விடயத்தைச் சொல்லாமல் விடும்போது உன் வசனம் கட்டையாகிவிடும். பத்து வயதிலிருந்து அப்படித்தான்.

அந்தப் பதினான்கு விளக்கங்களையும் அப்படியே எழுதி அனுப்பு. நான் வாசித்துப் பார்க்க வேண்டும்.

உன் சுகத்தை முதலில் எழுது.

அக்கா கலிஸ்ரா


பரந்தன்
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் காய்ச்சலும் இல்லை, கோபமும் இல்லை. வெட்கம்தான். இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

பதினான்கையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டாவதைப் பாருங்கள். "படகு வரவு: படகின் வரவு விபரம்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

அந்தக் கருவி செய்வது, படகு வந்துவிட்டது என்று பட்டியலில் பதிவது. இறங்குதுறையில் நிற்கும் சங்கத்து ஆள் "இன்ன படகு வந்தது" என்று எழுதினால் ஏஜென்ட் அதை எடுத்துப் பதிய வேண்டும். வந்ததா என்று பார்க்கும் கருவி வேறு. ஆனால் அதன் விளக்கத்தில் "படகுகளின் பட்டியல்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். பத்தாம் திகதி காலை ஒருவர் கேட்டிருக்கிறார், "அந்தோனிமுத்து அண்ணையின்ர படகு வரவு என்ன மாதிரி?" ஏஜென்ட்டுக்கு எங்கள் கரையும் தெரியாது, கடலும் தெரியாது. நான் எழுதி வைத்த வரி மட்டும்தான் தெரியும். "வரவு விபரம்" என்பதை வாசித்து, விபரம் பார்க்கும் கருவி இதுதான் என்று எண்ணி எடுத்துவிட்டது. எடுத்தவுடன் படகு 9.32க்கு வந்ததாகப் பதிவாகிவிட்டது. அதையே பதிலாகவும் அனுப்பியிருக்கிறது. பதினொரு மணிக்குள் வராத படகைச் செயலாளருக்கு அறிவிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வந்துவிட்டது என்று இருந்தபடியால் அதுவும் அறிவிக்கவில்லை.

இயந்திரம் குழம்பவில்லை, அக்கா. வாசித்ததை நம்பியது. பிழை என் வரியில்.

அருந்ததி அக்காவிடம் அன்றே சொல்லிவிட்டேன். ஏசவில்லை. "உனக்குத் தெரிஞ்சது அதுக்கும் தெரியும் எண்டு நினைச்சு எழுதியிருக்கிறாய். நானும் வாசிச்சுப் பாக்காமல் விட்டனான். ரெண்டு பேரும்தான்" என்றா. அதற்குப் பிறகுதான் இன்னும் வெட்கமாயிருந்தது. உங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. நீங்கள் எனக்கு நன்றி எழுதிய கடிதம் மேசையிலேயே இருக்கிறது.

கேட்டவரின் நம்பர் எங்களுக்குத் தெரியாது. அது மறைத்துத்தான் இருக்கும். இராசாத்தி அக்காவாகத்தான் இருக்கும். அவவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கூடப் போனவர் யார் என்றும் சொல்லுங்கள். அவரிடமும் கேட்க வேண்டும்.

தம்பி டிலக்ஸன்


முல்லைத்தீவு
10 ஓகஸ்ட் 2025

அன்புத் தம்பி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாளாக என்ன எழுதுவது என்று யோசித்தேன். நீ மறைக்காமல் எழுதிவிட்டாய். நான் இன்னும் மறைத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

கேட்டது இராசாத்தி அக்கா இல்லை. நான்.

எங்கள் எஞ்சினை அந்தக் கிழமை திருத்தக் கொடுத்திருந்தோம். அதனால் அத்தான் அந்தோனிமுத்து அண்ணையோடு போனார். எட்டு, எட்டரைக்கு வந்துவிட வேண்டும். ஒன்பதரைக்கு நான் எழுதிக் கேட்டேன். "வரவு 9.32" என்று வந்தது. மீன் விற்றுவிட்டு வருவார் என்று நினைத்து உலை வைத்தேன்.

பதினொன்றரைக்கு இராசாத்தி அக்கா வேலிப்படலையைத் தள்ளிக்கொண்டு வந்தா. வாய் அவதியில் அசைந்தது, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என்ன கேட்கிறா என்று தெரியும்தானே. போனை எடுத்துக் காட்டி, "வந்திட்டினம் அக்கா, இஞ்சை பாருங்கோ, எழுதியிருக்கு" என்றேன். அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனா. தம்பி, அவ தன்பாட்டில் கரைக்குப் போயிருப்பா. நான்தான் திருப்பி அனுப்பினேன்.

இரண்டரைக்கு மனம் கேட்காமல் நானே கரைக்குப் போனேன். மணலில் அந்தப் படகு இல்லை. செயலாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் பட்டியலைப் பார்த்து, "வந்திட்டுது எண்டுதானே பிள்ளை இருக்கு" என்றார். "படகு எங்கை? படகைக் காட்டுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எப்படி இருந்திருக்குமோ தெரியாது. நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் இரண்டு படகு போனது. பொழுதுபட முதல் ஒன்பது மைல் வெளியே கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தார்கள். அத்தானின் உதடு வெடித்திருந்தது. தோள் முழுக்கத் தோல் உரிந்துபோயிருந்தது. "கொஞ்சம்" என்று உனக்கு எழுதியது பொய்.

ஏன் மறைத்தேன்? உன் அத்தான்தான் அதில் இருந்தவர் என்று தெரிந்தால் நீ அந்த வேலையையே விட்டுவிடுவாய் என்று பயந்தேன். இன்னொன்றும் உண்டு. நம்பரை ஒரேயடியாகப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அதைச் சொல்ல எனக்கும் வெட்கம்.

நேற்று இராசாத்தி அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பிழையும் என் பிழையும். அவ, நான் வாயைப் பார்க்கக்கூடியதாக முகத்தை நேரே வைத்துக்கொண்டு மெல்ல, "உன்ரை மனிசனும்தானே அதிலை இருந்தவர்" என்றா. தேத்தண்ணி போட்டுத் தந்தா.

நீ வா. ஆனால் மன்னிப்பு கேட்க மட்டும் வராதே. அந்த வரியைத் திருத்தி எழுதி எடுத்துக்கொண்டு வா.

அக்கா கலிஸ்ரா


பரந்தன்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். போன ஞாயிறு அத்தான் என்னைக் கண்டதும் மீன் வெட்டக் கத்தியைத் தந்தது நல்லதாய்ப் போயிற்று. கதிரையில் இருத்திக் கதைத்திருந்தால் நான் அழுதிருப்பேன்.

நான் கொண்டுவந்த வரியில் நீங்கள் பென்சிலால் கோடு போட்ட இடத்தை அருந்ததி அக்காவுக்குக் காட்டினேன். "பதிவு இல்லையென்றால் படகு வரவில்லை என்று சொல்லவும்" என்று எழுதியிருந்தேன் அல்லவா? "பதியிற ஆள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தால்?" என்று நீங்கள் கேட்டதால், பார்க்கும் கருவியின் வரியை இருவருமாகத் திரும்ப எழுதினோம். இப்போது இப்படி இருக்கிறது:

"படகு வந்ததா என்று பார்க்க. படகைப் பற்றி யாராவது கேட்டால் இதை எடுக்கவும். இது பட்டியலை வாசிக்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. பதிவு இருந்தால் நேரத்தைச் சொல்லவும். பதிவு இல்லையென்றால், படகு வராமலும் இருக்கலாம், வந்தும் பதியாமல் இருக்கலாம். ஆகவே 'தெரியாது' என்று சொல்லி, புறப்பட்ட நேரத்தைக் கூறி, செயலாளருக்கு அறிவிக்கவா என்று கேட்கவும். ஊகித்துச் சொல்ல வேண்டாம்."

பதியும் கருவிக்கு "படகு வந்ததாகப் பதிதல்" என்று பெயரை மாற்றிவிட்டோம். இறங்குதுறை ஆளின் போனிலிருந்து வந்தால் மட்டும்தான் இனி அது இயங்கும். இந்த இரண்டுக்கும் மட்டும் ஒன்றரை நாள் போயிற்று. மற்றப் பன்னிரண்டையும் தொடங்கியிருக்கிறேன்.

ஒரு உதவி. பெண்கள் உண்மையில் எப்படிக் கேட்பார்கள்? எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத் தமிழ்க் கேள்விகள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புவீர்களா?

அத்தானின் தோளுக்குக் கற்றாழை தடவுங்கள்.

தம்பி


முல்லைத்தீவு
21 செப்ரெம்பர் 2025

அன்புத் தம்பி,

அத்தான் சுகம், திரும்பக் கடலுக்குப் போகிறார். நானும் சுகம். களைப்புத்தான். பதினெட்டு வீடு ஏறி இறங்கினேன். நாற்பத்திரண்டு கேள்வி இதனோடு வைத்திருக்கிறேன். "கரையேறிட்டாரோ", "ஆளைக் கண்டனீங்களோ", "எங்கடை இன்னும் வெளியிலையோ". ஒருத்தியாவது "படகு வந்ததா" என்று கேட்கவில்லை. இராசாத்தி அக்கா "உலை வைக்கட்டோ?" என்றுதான் கேட்பாவாம். மனிசன் வந்தாரா என்று நேரே கேட்க அவவுக்கு மனம் வராது.

நேற்றுக் கூட்டம் நடந்தது. எனக்கு விளங்க வேண்டும் என்று அயல் வீட்டுப் பிள்ளை தர்மிளா பக்கத்தில் இருந்து கொப்பியில் எழுதிக் காட்டினாள். தலைவர், "மனிசரை நம்பலாம், இதை நம்பேலாது. விடுவம்" என்றாராம். நான் எழும்பினேன். சபையில் பேசியதில்லை. என் குரல் கூடுதலாக இருக்கிறதா, குறைவாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

"மனிசர் சொல்லுறது எனக்குக் கேக்காது. எனக்கு இருக்கிறது எழுத்து மட்டும்தான். அந்த எழுத்துப் பிழைச்சு என்ரை மனிசன் கடலிலை இழுபட்டவர். எனக்குக் கோபம் இல்லையோ? இருக்கு. ஆனா பிழைச்ச எழுத்தைத் திருத்துங்கோ. பறிக்காதேங்கோ."

முதலில் கை உயர்த்தியது இராசாத்தி அக்கா. பிறகு அவவைச் சுற்றி இருந்த பெண்கள். முப்பத்தொரு கை என்று தர்மிளா எழுதிக் காட்டினாள். மழைக்காலத்துக்கு முதல் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு.

அக்கா


பரந்தன்
5 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அருந்ததி அக்கா இரண்டு தரம் வாசித்தா. நாங்கள் எல்லோரும் சுகம்.

நாற்பத்திரண்டையும் போட்டுப் பார்த்தோம். முதல் நாள் முப்பத்தைந்து சரி. "உலை வைக்கட்டோ?" என்றதற்கு ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று மறுமொழி வந்தது. கந்தோரே சிரித்தது. பிறகு, கேள்வி விளங்காவிட்டால் எந்தக் கருவியையும் எடுக்காமல் திருப்பிக் கேள் என்று எழுதினேன். இப்போது, "யாராவது ஒருவரின் படகைப் பற்றிக் கேட்கிறீர்களா?" என்று கேட்கிறது. நாற்பத்தொன்று சரி. மற்றதை இன்னும் பார்க்கிறோம்.

இனி அருந்ததி அக்கா சொன்னதை எழுதுகிறேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கும் இதே போல ஒன்று செய்யப் போகிறோம். விளக்கங்களை எழுத ஆள் வேண்டும். "உன்ரை அக்காவைக் கேள். ஒரு வசனத்திலை என்ன விடுபட்டிருக்கு எண்டு அவாவுக்குத் தெரியுது, எங்களுக்குத் தெரியேல்லை" என்றா. கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் போதும். மற்றதை வீட்டிலிருந்து செய்யலாம்.

நான் தம்பி என்பதால் கேட்கவில்லை. யோசித்து எழுதுங்கள்.

டிலக்ஸன்


முல்லைத்தீவு
19 ஒக்ரோபர் 2025

அன்புத் தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது.

நம்பர் திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிட்டது; செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்கிறேன். காலை பத்து மணிக்கு இராசாத்தி அக்கா ஓடி வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினா. அதில் இப்படி இருந்தது: "தெரியாது. அந்தோனிமுத்துவின் படகு அதிகாலை 4.10க்குப் புறப்பட்டது. வந்ததாகப் பதிவு இல்லை. செயலாளருக்கு அறிவிக்கவா?" அவ ஓம் என்று எழுதினா. பத்தரைக்கு ஒரு படகு வெளிக்கிட்டுவிட்டது. அரை மைலில் வலை சுற்றி எஞ்சின் நின்றுபோய் இருந்தார்களாம். பன்னிரண்டு மணிக்கு முதல் எல்லோரும் கரையில். "தெரியாது எண்டு சொல்லுது, பாத்தியோ! எங்கடை தலைவர் ஒரு நாளாவது அப்பிடிச் சொல்லியிருக்கிறாரோ?" என்று இராசாத்தி அக்கா சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது போலிருந்தது. தலைவரும் பக்கத்தில்தான் நின்றார். அவரும் சிரித்தார்.

வேலைக்கு வருகிறேன். திங்களும் செவ்வாயும். முதல் நாளே ஒன்று கேட்பேன் என்று அருந்ததி அக்காவிடம் சொல்லி வை: எழுதுவதற்கு முதல் அந்த வயல்காரப் பெண்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் தண்ணீரை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

இதற்குக் கீழே உன் அத்தான் தானும் எழுத வேண்டும் என்று நிற்கிறார்.

அன்புடன்
அக்கா கலிஸ்ரா

மச்சான், நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அக்கா திங்கட்கிழமை விடிய முதலாவது பஸ்ஸில் வாறா. கண்டக்டருக்குக் கொடுக்க ஒரு துண்டு எழுதினனான்: "இவாவைப் பரந்தனில் இறக்கவும்." அக்கா வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தா. இப்போது இப்படி இருக்கிறது: "இவாவுக்குக் காது கேளாது. கூப்பிட்டால் தெரியாது. பரந்தன் சந்தி வர முதல் தோளில் தட்டவும். இடையில் பஸ் பழுதாகி நின்றால் ஏன் என்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டவும். பேனை இவாவிடம் இருக்கிறது." நீர் சந்தியில் நில்லும்.

வின்சன்